மஸ்கெலியா சொல்லக் கூடாது

நான் கட்டிய பல்லை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹட்டன் டவுனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை. அங்கே ஜன்னலோரம் மேசை போட்டு, இருபது வருடமாகப் பொய்ப்பல் செய்து வருகிறேன். பல்லைப் பிடுங்குவது டாக்டர், கட்டிக் கொடுப்பது நான். அதனால் வருகிறவர்கள் அவரைப் பார்த்து நடுங்குவார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? புதுப் பல்லை வேறு எப்படிக் காட்டுவது?

அந்த அறைக்கு ஒரு நாள் காலையில், தோளில் பெரிய பையும் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுமாக ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பிள்ளை. யார் வாயைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது பல்லைத்தான். அவளுக்கு எல்லாமே ஒழுங்காக இருந்தன.

“பல்லு நல்லாத்தானே இருக்கு, என்ன வேணும்?” என்றேன்.

“எனக்குப் பல்லு வேணாங்க்கா. ஆறு பேரோட வாய்க்குள்ள இருக்கிற மேல்கூரைய அச்சு எடுத்துத் தரணும்.”

“கூரைய வச்சு என்ன செய்யப் போறீங்க மிஸ், வீடு கட்டப் போறீங்களா?”

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். நாம் பேசும்போது நாக்கு மேல்வாயில் எந்த இடத்தைத் தொடுகிறது, எந்த இடத்தைத் தொடாமல் விடுகிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நம் ஆட்கள் பேசும் தமிழில் ஒவ்வொரு ஒலியும் வாய்க்குள் எப்படிப் பிறக்கிறது என்று படம் எடுத்து வைக்கிறாள். படத்தில் மேடு பள்ளம் தெரியாதாம். அதற்காக ஒவ்வொருவருடைய மேல்வாய்க்கும் ஒரு பிளாஸ்டர் அச்சு வேண்டுமாம்.

பேசுவதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் என் பேச்சை நிறுத்துவதற்குத்தான் ஆராய்ச்சி தேவை என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஹட்டன் மஸ்கெலியா ரோட்டில் ஓடும் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். இருபத்தெட்டு வருடமாக மிதிபலகையில் தொங்கிக்கொண்டு “டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா!” என்று கூவுகிறவர். அவர் குரல் கேட்டால் மார்க்கெட்டுக்குள் இருக்கிறவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வளைவில் நாய் குறுக்கே வந்து, டிரைவர் பிரேக் போட்டு, இவர் வாய் கம்பியில் மோதி, மேல் வரிசையில் முன்பல் நாலும் போய்விட்டன. மனுசன் வீட்டுக்கு வந்து அழாத குறை. “எதுக்குக் கவலப்படுறீங்க, வீட்டுல ஆள் வச்சிருக்கீங்கல்ல?” என்று நானே அச்சு எடுத்து, நானே கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் குலுங்குகிற ஆள், எலும்பு கடிக்கிற ஆள் என்று, பல்லைத் தாங்கும் தட்டுக்கு முதலில் மெழுகில் மாதிரி செய்யும்போதே இரண்டு பக்கமும் ஒரு சுற்று மெழுகு கூடவே வைத்துக் கெட்டியாகச் செய்தேன். வேறு யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்கு” என்றார். தினமும் கேட்பேன், தினமும் சூப்பர்தான்.

சரி, ஆராய்ச்சிக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையோடு அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். லயத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் என்று அங்கே ஏற்பாடு. காலியாவது! நாங்கள் போய்ச் சேரும்போது வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் வரிசை. அதில் பாதிப் பேருக்கு முன்பல் இல்லை. ஹட்டனிலிருந்து பல் கட்டுகிறவள் வருகிறாள் என்றதும், சும்மாவே பல் கட்டிக் கொடுக்கிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

“மிஸ், பல்லு இருக்கிறவுங்களுக்குத்தான் பல்லு பாப்பீங்களாக்கும்? நல்லா இருக்குது நாயம்!” என்று ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மிஞ்சியது, அந்தப் பிள்ளை முன்பே சொல்லி வைத்திருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆறு பேர்.

முதலில் தாடைக்கு அடியில் ஜெல்லி தடவி ஒரு கருவியை வைத்தாள். மடிக்கணினியில் நாக்கு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பேசப் பேச அந்தக் கோடு எழும்பியது, வளைந்தது, பின்னுக்குப் போனது. எங்கள் டாக்டரிடம்கூட இல்லாத சாமான். பெண்களுக்கு ஒரே குதூகலம்.

“இங்க பாருங்கடி, புள்ளைக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரியே இருக்கு!”

“இவ வாய்க்குள்ள ரெட்டைப் புள்ளையா இருக்கும், அந்தப் பேச்சு பேசுறா!”

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. மருந்துக்கடையில் வாங்கிய சுத்தமான கரித்தூளை நல்லெண்ணெயில் குழைத்து, தூரிகையால் நாக்கில் பூசுவது. பூசியதும் எச்சில் விழுங்கக் கூடாது. ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஆவென்று வாயைத் திறக்க வேண்டும். உடனே கண்ணாடியை உள்ளே நுழைத்து, அதில் தெரியும் மேல்வாயைப் படம் எடுப்பாள். நாக்கு தொட்ட இடமெல்லாம் கறுப்பாக இருக்கும், தொடாத இடம் சிவப்பாகவே இருக்கும்.

முதலில் உட்கார்ந்த பெண் கரியைக் கண்டதும் விரலில் ஒற்றி எடுத்து, பரபரவென்று பல் விளக்க ஆரம்பித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து கரியில் பல் விளக்கிய கை, அது என்ன செய்யும்! “ஐயோ அக்கா, நாக்குல, நாக்குல!” என்று அந்தப் பிள்ளை கத்த, அவள் வாய் நிறையக் கரியோடு “மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்க, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கொப்பளிக்க வைத்து, முதலிலிருந்து தொடங்கினோம். குளிரில் கண்ணாடி வேறு ஆவி பிடித்துக்கொண்டே இருந்தது. தேத்தண்ணிக்கு வைத்திருந்த சுடுதண்ணீரில் முக்கி முக்கி எடுத்தோம்.

சொல்லச் சொன்ன சொல் “பாசம்.” ஏன் அந்தச் சொல் என்று கேட்டேன்.

“ஒரு சொல்லுல நாக்கு ஒரு எடத்தத்தான் தொடணுங்க்கா. ‘பா’வும் ‘ம்’மும் ஒதட்டுல வர்றது. நடுவுல இருக்கிற ‘ச’வுக்கு மட்டும்தான் நாக்கு மேல போகும். வேற எழுத்து வந்தா ஒரு கறுப்பு மேல இன்னொரு கறுப்பு விழுந்து படம் கெட்டுப் போயிரும்.”

அவள் எடுத்த படத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு. நடுவில் ஒரு சுத்தமான பாதை, முன்பல் வரைக்கும். அந்தப் பாதை வழியாகக் காற்று போகிறபோதுதான் ‘ச’ பிறக்கிறதாம். இருபது வருடம் வாய்க்குள்ளேயே கிடந்தவள் நான். பல் வரிசை பார்த்திருக்கிறேன், கடி பார்த்திருக்கிறேன், நிறம் பார்த்திருக்கிறேன். காற்று போக வழி இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆறு பேருக்கும் அச்சு எடுத்து முடித்து, தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளை கேட்டாள்.

“அக்கா, மஸ்கெலியா பஸ் கண்டக்டர் அண்ணன் உங்க வீட்டுக்காரர்னு சொன்னாங்க. நான் ஸ்கூல் போன காலத்துலருந்து அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் ஓடுவேன். இப்ப ஏங்க்கா கூப்பிடுறதே இல்ல?”

“யாரு கூப்பிடுறதில்ல?”

“அண்ணன்தான். சும்மா பஸ்ஸத் தட்டிக்கிட்டே நிக்கிறாரு. வாயத் தொறக்கிறதே இல்ல.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கில் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு பழக்கடைக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. என் வீட்டுக்காரர் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார். உதடு இறுக மூடியிருந்தது. மேலுதடு உள்ளே ஒட்டிக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வாயில் பல் இல்லை. நான் கட்டிய பல் இல்லை! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பஸ் கிளம்பிவிட்டதால் தப்பினார்.

சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது பல் வாயில் இருந்தது.

“பல்லு எப்படி இருக்கு?” என்றேன்.

“சூப்பரா இருக்கு.”

“சட்டைப் பையிலயும் சூப்பரா இருந்துச்சா?”

மனுசன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பல்லைப் போட்டுக்கொண்டு ‘ஸ்’ வருகிற எதைச் சொன்னாலும் விசில் வருகிறதாம். வீட்டில் மெதுவாகப் பேசும்போது தெரியாது, சத்தம் போட்டுக் கூவினால்தான் வருமாம். மஸ்கெலியா என்று கூவினால், நிறுத்தச் சொல்லி விசில் அடிக்கிறார் என்று டிரைவர் பிரேக் போடுகிறானாம். சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்ல “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று சொல்லியிருக்கிறார். முன்னால் நின்ற டீச்சரம்மா ஒருத்தர், தன்னைப் பார்த்துத்தான் விசில் அடிக்கிறார் என்று நினைத்து, திரும்பி மேலும் கீழும் முறைத்தாராம்.

“இத்தன வயசுல எனக்கு இது தேவையா? பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. செத்துப் போயிரலாமான்னு ஆயிருச்சு. அதான் ஏறுனதும் கழட்டி லேஞ்சித் துணியில சுத்தி வச்சுக்குவேன். பல்லில்லாம பேசுனாலும் கொழகொழன்னு வருது. அதான் தட்டுறேன்.”

“தட்டிக்கிட்டே ஓட்டிருவீங்களா?”

“மொதலாளி மாசக் கடைசி வரைக்கும் பாக்கிறேன்னாரு. கூப்பிடாத கண்டக்டர் எதுக்குன்னு கேக்கிறாரு. கேக்கிறதும் நாயந்தானே.”

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ பாத்துப் பாத்துச் செஞ்சியேம்மா. சரியில்லன்னு எப்படிச் சொல்றது?”

ஸ்டாண்டுக்கு வந்து, வாயைக் கழுவி, பல்லைப் போட்டுக்கொண்டு, என் முன்னால் சூப்பர் என்று சொல்வதற்காகவே தினமும் வந்திருக்கிறார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

அன்று படுத்தும் எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் நின்றது. இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் பாதை. விடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு போன் போட்டேன். “தங்கச்சி, ஏழாவதா ஒரு ஆள் இருக்காரு, சேத்துக்குவீங்களா?” என்றேன். அவள் விசயத்தைக் கேட்டுவிட்டு, “ஆராய்ச்சிக்கு இல்லங்க்கா, அண்ணனுக்காக வாறேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் அறையிலேயே வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை போட்டு, தலை சீவி வந்தார். பல்கலைக்கழகத்து மிஸ் தன் குரலைக் கேட்க வந்திருக்கிறாள் என்று ஒரு பெருமை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “மஸ்கெலியா சொல்லவா மிஸ்?” என்றார்.

“இல்லண்ணே, மஸ்கெலியா சொல்லக் கூடாது.”

“ஏன் மிஸ், நான் தெனமும் சொல்ற ஊராச்சே?”

“அதுல ‘கெ’ வருது, ‘லி’ வருது. ரெண்டுக்கும் நாக்கு வேற வேற எடத்துல தொட்டு எல்லாத்தையும் கலச்சிரும். ‘பாசம்’னு மட்டும் சொல்லுங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காது சிவந்துவிட்டது. “பொண்டாட்டி முன்னால அதெல்லாம் எப்படி மிஸ்...” என்று இழுத்தார். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை, அது வேறு விசயம்.

“சொல்லுங்க, ஒண்ணும் ஆயிராது” என்று அதட்டினேன். நாக்கில் கரி பூசினோம். பஸ்ஸில் கூவுகிற மாதிரியே சத்தமாகச் சொல்லச் சொன்னோம். “பாசம்!” என்று கூவினார். நடுவில் கீச்சென்று ஒரு விசில் வந்தது. நான் முதல் முறையாக அதை முழுசாகக் கேட்டேன். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. தட்டைக் கழற்றிக் கையில் வைத்தே பார்த்தோம். ரோஸ் நிறத் தட்டில் கறுப்பு பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பக்கத்துக் கறுப்பும் நடுவை நெருக்கிக்கொண்டு வந்து, இடையில் ஒரு நூல் போகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. அந்தப் பிள்ளை தன் போனில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அங்கே தாராளமான பாதை.

“ரெண்டு பக்கமும் ரொம்பத் தடிப்பா இருக்கேக்கா. காத்து நெருக்கிக்கிட்டு வருது, அதான் விசில்.”

அவள் விரல் வைத்துக் காட்டியது நான் கூடுதலாக மெழுகு வைத்த அதே இடம். யாருக்கும் வைக்காமல் அவருக்கென்று வைத்த இடம். வேறு யாராவது இப்படிக் குறை சொல்லியிருந்தால் அந்த அறையில் அன்று பெரிய சண்டை நடந்திருக்கும். ஆனால் கரி பொய் சொல்லாதே. வாயை மூடிக்கொண்டு ராவுகிற மெசினைப் போட்டேன்.

கொஞ்சம் ராவுவது, கழுவுவது, வாயில் வைப்பது, நாக்கில் கரி பூசுவது, “பாசம்!” என்று அவர் கூவுவது, கழற்றிப் பார்ப்பது. இரண்டாம் முறை விசில் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை பாதை கொஞ்சம் விரிந்தது. நாலாம் முறை நான் வேகமாகக் கையை வைத்தபோது அந்தப் பிள்ளை தடுத்தாள்.

“பாத்துக்கா. ரொம்ப அகலமாப் போனா ‘ஷ’ ஆயிரும். அப்புறம் மஷ்கெலியாதான்.”

ராவியதைத் திருப்பி ஒட்டுவது லேசில்லை, தட்டு மெலிந்து உடைந்தாலும் போச்சு. அடுத்தடுத்து எத்தனை பாசம் கேட்டேனோ, கணக்கு விட்டுப் போயிற்று. முதலில் கூச்சப்பட்ட மனுசன், பிறகு என்னைப் பார்த்தே சொல்லப் பழகிவிட்டார். ஏழாம் முறை விசில் வரவில்லை. தட்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் அழகான பாதை. அந்தப் பிள்ளை கைதட்டினாள்.

“இப்ப மஸ்கெலியா சொல்லலாமா மிஸ்?” என்று கறுத்த நாக்கோடு கேட்டார்.

“இங்க வேணாம்” என்றேன் நான். “நாளைக்கு சொல்லுங்க. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க.”

திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இந்த முறை மறைந்து நிற்கவில்லை. அவர் பஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பழக்கதோசத்தில் கை தகரத்தின் மேல்தான் இருந்தது. பயந்துகொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிட்டப் போய், ஊர் பேர் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

“இந்த பஸ் எங்கங்க போகுது?”

“போர்டு போட்டிருக்குல்ல?”

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. வாயால சொல்லுங்க.”

தகரத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து, மூச்சை இழுத்துக் கூவினார்.

“டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா! மஸ்கெலியா, மஸ்கெலியா, மஸ்கெலியா!”

விசில் இல்லை. மார்க்கெட் பக்கத்திலிருந்து இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, “வந்துட்டான்யா!” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலைவேளையில், ஸ்டாண்டு நடுவில், வெங்காயமும் கையில் இல்லை. நான் பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

“வேலைக்குப் போகலையா?” என்றார்.

“மஸ்கெலியாவுக்குப் போறேன்.”

“அங்க என்ன வேல?”

“ஒரு வேலயும் இல்ல.”

டிக்கோயாவில் ஒரு டீச்சர் ஏறினார். ஒப்பனையும் கைப்பையுமாக, நல்ல மிடுக்கு. என் வீட்டுக்காரர் கண்ணாலேயே எனக்குச் சாடை காட்டினார், இவர்தான் அவர் என்று. பஸ் நிறைந்திருந்தது. டீச்சருக்குப் பின்னால் ஆட்கள் ஏற முடியாமல் நின்றார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“இஸ்ஸரஹட்ட யன்ன!”

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னுக்குப் போனார்.

கூட்டத்துக்கு மேலாக என் வீட்டுக்காரர் என்னைத் தேடிப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அதில் நாலு பல் என்னுடையது.